ஆவணி முதல் தேதியில் சேர்ந்தவர்

03.08.2006 – பத்து பேர்.
10.08.2006 – இருநூற்றுப் பதினான்கு பேர்.
17.08.2006 – ஒருவர்.
31.08.2006 – முதல் சம்பளம், பதினைந்து நாளுக்கு: ரூ. 2,177.
09.11.2021 – முதுகு ஸ்கேன்: ரூ. 6,500.
01.04.2023 – இரண்டு கம்பெனிகள் ஒன்றாயின.
12.09.2023 – புதிய பட்டியல். வரிசை எண் 194.
01.02.2024 – சூப்பர்வைசர் பதவி ஒன்று. மாதம் ரூ. 3,400 கூடுதல். வேறொருவருக்கு.
14.03.2024 – சென்னை விசாரணை. பஸ், போக வர: ரூ. 1,140.
24.06.2024 – நிராகரிப்பு.

இவை முனியசாமியின் கோப்பிலிருந்து எடுத்த தேதிகள். கோப்பு ராமநாதபுரத்தில் என் வீட்டு அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மதுரை விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியின் டைம் ஆபீசில் நான் இருபத்து மூன்று ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் வேலை. தொழிற்சங்கக் கிளையின் பதிவேடுகளும் என்னிடமே இருந்தன. 2016 டிசம்பர் 31இல் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு பதிவேடுகளை யாரும் கேட்கவில்லை. நானும் எடைக்குப் போடவில்லை.

முனியசாமி அதே கம்பெனியில் லோடர். திருவாடானைக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டரில் அவர் ஊர். இரண்டு ஏக்கர் வானம் பார்த்த நிலம். மழை பெய்தால் நெல், பிறகு மிளகாய். வேலை நாட்களில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பெருங்குடியில், மூன்று பேரோடு ஓர் அறையில் தங்குவார். விடுப்பு நாளில் பஸ் ஏறி ஊருக்குப் போவார்.

லோடர் வேலை பயணிகளின் கண்ணுக்குத் தெரியாது. விமானத்தின் வயிற்றில் பெட்டிகள் வைக்கும் இடத்தை ஹோல்ட் என்பார்கள். அதன் உயரம் நாலடிக்குச் சற்றுக் கூடுதல். உள்ளே நிற்க முடியாது. மண்டியிட்டபடியே, வாசலிலிருந்து தள்ளிவிடும் பெட்டியை வாங்கி, இடுப்பை மட்டும் திருப்பிப் பின்னால் அடுக்க வேண்டும். ஒரு விமானத்துக்குச் சராசரி நூற்று முப்பது பெட்டி, ஒரு ஷிப்டில் ஐந்து விமானம், குழுவில் நாலு பேர், பெட்டி ஒன்று பதினைந்து கிலோ. ஒரு ஆளின் பங்குக்கு ஒரு ஷிப்டில் இரண்டேகால் டன்னுக்கு மேல் வருகிறது. முனியசாமி பத்தொன்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறார்.

விமானத்தின் அடியில், கையில் தாளோடு நின்று, எந்தப் பெட்டி எந்த ஹோல்டுக்குப் போக வேண்டும் என்று சொல்பவர் சூப்பர்வைசர். அவர் பெட்டி தூக்குவதில்லை. மதுரையில் அந்தப் பதவி ஒன்றே ஒன்று. அது பணிமூப்புப்படி வரும்.

மேலே எழுதிய பத்து, இருநூற்றுப் பதினான்கு, ஒன்று என்ற எண்களுக்கு இப்போது வருகிறேன்.

2006 ஜூலை 28ஆம் தேதியிட்ட நியமனக் கடிதம் பதினொரு பேருக்குப் போனது. ஆகஸ்ட் 3ஆம் தேதி முதல் 17ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று அதில் இருந்தது. தேர்வில் அவரவர் பெற்ற வரிசை எண்ணைக் கடிதத்தின் வலது மேல் மூலையில் பேனாவால் எழுதியிருந்தார்கள். முனியசாமிக்கு 3.

ஆகஸ்ட் 3 என்பது ஆடி பதினெட்டு. மற்ற பத்துப் பேரும் அன்றே வந்து கையெழுத்திட்டார்கள். முனியசாமியும் கிளம்பத்தான் இருந்தார். அவருடைய தாயார் பூமயில் விடவில்லை. ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே என்று இவர் கேட்டதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை முனியசாமி பிற்பாடு எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்:

“காவேரிக்கரைக்காரனுக்கு ஆத்துல தண்ணி வருது, அவனுக்குப் பதினெட்டு நல்ல நாளு. நம்ம கம்மாயில என்னத்தடா வந்துச்சு? தவளையாச்சும் வந்துச்சா? ஆவணி பொறக்கட்டும், போ.”

01.08.2006, செவ்வாய், காலை 11.20க்கு டைம் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. திருவாடானையில் ஒரு பூத்திலிருந்து பேசினார்.

“சார், முனியசாமி பேசுறேன். லோடர் வேலைக்கு லெட்டர் வந்திருக்கு. ஆவணி ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்தா தப்புங்களா?”

“பதினேழாந்தேதிதானே? கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுரணும்.”

“போட்டுருவேன் சார். எனக்குப் பின்னாடி உள்ளவுக எனக்கு முன்னாடி போயிர மாட்டாங்களே?”

ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பிரிவு 9: ஒரே தேர்வுப் பட்டியலில் வந்தவர்கள் குறித்த கெடுவுக்குள் சேர்ந்துவிட்டால், எந்த நாளில் சேர்ந்திருந்தாலும் பட்டியல் வரிசையே பணிமூப்பு.

“போக மாட்டாங்க. நீ மூணுன்னா மூணுதான்.”

இந்தப் பேச்சை டைரியில் குறித்திருக்கிறேன். அன்றைய விதிப்படி நான் சொன்னது சரி. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். அதே ஆகஸ்ட் 10ஆம் தேதி வேறொரு விமானக் கம்பெனி தெற்கே நாலு ஊர்களில் ஒரே நாளில் இருநூற்றுப் பதினான்கு லோடர்களைச் சேர்த்தது. அதை நான் குறிக்கவில்லை. அது வேறு கம்பெனி, வேறு சங்கம். எனக்கு அதில் என்ன வேலை?

ஆகஸ்ட் 17, ஆவணி 1, வியாழக்கிழமை காலை 8.10க்கு முனியசாமி வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு மஞ்சள் பை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “ராகுகாலம் ஒண்ணரைக்குத்தான் சார். அதுக்குள்ள ஒரு பெட்டியாச்சும் தூக்கிரணும்னு ஆத்தா சொல்லி விட்டுச்சு” என்றார். 9.40 விமானத்தில் தூக்கினார்.

அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு அவர் கோப்பில் எழுத அதிகம் இல்லை. தாமதம் நான்கு முறை, நான்கும் பஸ் கோளாறு. கல்யாணம், ராமலெட்சுமியோடு. ஒரு பெண் குழந்தை, யுவராணி. தண்டனை எதுவும் இல்லை.

2021 நவம்பரில் ஒரு துபாய் விமானம். கீழக்கரைக்காரர்கள் ஊருக்கு வரும்போது அட்டைப் பெட்டியைப் பிளாஸ்டிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, நாலு பக்கமும் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொண்டுவருவார்கள். முப்பத்திரண்டு கிலோதான் உச்ச வரம்பு. அந்தப் பெட்டிகள் எல்லாம் முப்பத்தொன்றரையில் நிற்கும். அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைத் திருப்பும்போது அவருக்கு இடுப்பில் ஏதோ பிடித்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர், கீழ்முதுகில் இரண்டு இடத்தில் தட்டு விலகியிருக்கிறது, பத்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்றார்.

அதைக் கம்பெனியிடம் சொல்ல முடியாது. தூக்க முடியாத லோடரை மருத்துவக் குழு பார்த்து, தகுதியில்லை என்று எழுதி, ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடும். விதி அது. எனவே ஸ்கேன் என் கோப்பில்தான் இருக்கிறது.

முனியசாமிக்கு இருந்த ஒரே வழி சூப்பர்வைசர் பதவி. இருந்தவர் 31.01.2024இல் ஓய்வு பெறுகிறார். மதுரை லோடர்களில் பணிமூப்பில் முனியசாமி முதல் ஆள். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் இரண்டு மாதம் தள்ளிவிட்டால் போதும். ராமலெட்சுமி காலண்டரில் மாதத்துக்கு ஒரு கோடு போட்டுவந்தது.

2023 ஏப்ரலில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. விமானங்களுக்குப் புது வண்ணம் அடித்தார்கள். சங்கங்கள் இரண்டும் ஒன்றாயின. ஆட்களின் பட்டியல்களும் ஒன்றாக வேண்டும் அல்லவா? கம்பெனியும் பழைய இரு சங்கங்களின் ஆட்களும் சேர்ந்த ஒரு குழு உட்கார்ந்தது. ஐந்து மாதம் உட்கார்ந்து அவர்கள் கண்டுபிடித்த விதி ஒரே வரி: முதல் கையெழுத்துப் போட்ட நாளே பணிமூப்பு நாள். ஏற்கெனவே வேறு வரிசை இருந்ததாகச் சொல்பவர் அசல் ஆவணத்தைக் காட்ட வேண்டும்.

12.09.2023 அன்று பட்டியல் வந்தது. மறுநாள் முனியசாமி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே போனை நீட்டினார்.

“நூத்தித் தொண்ணூத்தி நாலு சார்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பட்டியலையும் பார்த்தேன். தென்மண்டலம் முழுவதற்கும் ஒரே பட்டியல். 2006 ஆகஸ்டுக்கு முன் சேர்ந்தவர்கள் இரண்டு கம்பெனியிலும் சேர்த்து 31 பேர். எங்கள் பதினொரு பேரில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் ஆறு பேர். அதில் ஐவர் 3ஆம் தேதி சேர்ந்து, பிறகு வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனவர்கள். அவர்களுக்குப் பிறகு ஆகஸ்ட் 10இல் சேர்ந்த இருநூற்றுப் பதினான்கில் மிஞ்சிய 157 பேர். பிறகு முனியசாமி. கூட்டினால் 194. கணக்கில் தப்பில்லை. விதியில்தான் தப்பு. தேர்வு வரிசைப்படி பார்த்தால் அவருக்கு முன்னால் எங்கள் ஆட்களில் ஒருவர்தான் இப்போது இருக்கிறார். முனியசாமியின் எண் 33 ஆகியிருக்க வேண்டும்.

“மதுரையில எத்தனாவது?” என்றேன்.

“பத்து. கீழக்கரை இஃப்திகார்தான் இப்ப ஒண்ணு. அவரு பேட்ச்ல மதுரையில ஒன்பது பேரு இருக்காக.” போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “ராமலெட்சுமி கேக்குது சார், ஒரு மாசம் ஆடிக்குப் பயந்தீக, இப்ப ஆயுசுக்கும் ஆடியாப் போச்சேன்னு.”

“பயந்தா சேர்ந்தே? கெடுவுக்குள்ள சேர்ந்தே. விதி இருந்துச்சு.”

“அது நீங்க சொல்றீங்க.”

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே ஆட்சேப மனுவை எழுதினேன்.

மனுவைச் சங்கம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் பழைய கிளையின் செயலாளர் சுகந்தி. நல்ல பெண்தான், செக்-இன் கவுண்ட்டரில் பதினாறு வருஷ அனுபவம். போனில் பேசினேன்.

“வீரமணி அண்ணே, நீங்க சொல்றது நியாயந்தான். இல்லேன்னு சொல்லலை. ஆனா முனியசாமி அண்ணன் ஒரு ஆளு ஏறுனா எத்தனை பேரு இறங்கணும் தெரியுமா?”

“நூத்தி அறுபத்தோரு பேர், ஆளுக்கு ஒரு எண்.”

“அதான் சொல்றேன். நூத்தி அறுபத்தோரு ஓட்டு. டிசம்பர்ல சங்கத் தேர்தல்.”

“ஒரு எண்ணு இறங்குனா அவங்களுக்கு என்னம்மா குறையும்?”

“ஒண்ணும் குறையாது. ஆனா குறையும்னு சொல்லி ஓட்டுக் கேப்பாங்களே.”

மனு என் மேசையிலிருந்து சென்னைக்குப் போக ஐம்பத்திரண்டு நாள் ஆயிற்று. அங்கிருந்து பதில் வருமுன்னே ஜனவரி போய், பிப்ரவரி முதல் தேதி இஃப்திகார் சூப்பர்வைசர் ஆனார்.

விசாரணை 14.03.2024, சென்னையில். ஊழியர்களுக்கு விமானத்தில் காலி இருக்கை இருந்தால் தருவார்கள். அதையும் பணிமூப்புப்படிதான் தருவார்கள். 194க்குக் கிடைக்கவில்லை. ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய், காலையில் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் முனியசாமி. சாட்சியாக நானும் போயிருந்தேன்.

குழுவின் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். “மத்தவங்க எல்லாம் மூணாந்தேதி சேர்ந்திருக்காங்க. நீங்க மட்டும் ஏன் பதினாலு நாள் கழிச்சு?”

“ஆடிங்க” என்றார் முனியசாமி.

அறையில் சிரிப்பு எழுந்தது. மற்றக் கம்பெனியின் பழைய சங்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், “எங்களுக்கும் அது ஆடிதான் அண்ணாச்சி. இருநூத்திப் பதினாலு பேரு சேர்ந்தோம். எங்களை என்ன பேயா பிடிச்சுது?” என்றார். இன்னும் சிரித்தார்கள்.

முனியசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். “பிடிக்கலைங்க. உங்க கம்பெனி பத்தாந்தேதி வரச் சொன்னாக, நீங்க வந்தீக. எங்க கம்பெனி பதினேழுக்குள்ள வரச் சொன்னாக, நான் வந்தேன். இதுல ஆடி எங்கன வருது?”

தலைவர் அசல் ஆவணத்தைக் கேட்டார்.

பழைய கம்பெனியின் 2006 தேர்வுப் பட்டியல், அலுவலகம் மாறியபோது எங்கோ போய்விட்டதாம். என்னிடம் அதன் நகல் இருந்தது. முத்திரை இல்லாத நகல் செல்லாது என்றார்கள். பிரிவு 9ஐ ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இவர் பட்டியலில் மூன்றாவது என்பதற்கு அத்தாட்சி என்ன? முனியசாமி பையிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்தார். பதினேழரை ஆண்டுகள் பூமயில் அம்மாளின் தகரப் பெட்டியில் இருந்த கடிதம் அது. நான் அதுவரை அசலைப் பார்த்ததில்லை. அவர் அதை மேசையில் விரித்தார்.

வேலைக் கடிதம் வந்த அன்றே அந்த அம்மா சாமி முன் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மஞ்சளின் மேல் குங்குமம் வைத்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வது போல. வலது மேல் மூலையில் எண்ணெய் கலந்த குங்குமம் எண்ணின் மேலேயே ஊறிப் போயிருந்தது. ஓர் எண் இருப்பது தெரிந்தது. வலது பக்க வளைவுகள் இரண்டும் தெரிந்தன. இடது பக்கம் முழுக்கச் சிவப்பு.

தலைவர் விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார்.

“மூணாவும் இருக்கலாம், எட்டாவும் இருக்கலாம்” என்றார் தலைவர். “எங்களுக்குத் தெளிவா வேணும்.”

24.06.2024 தேதியிட்ட கடிதத்தில் இதையே எழுதி, மனுவை நிராகரித்தார்கள்.

முனியசாமி அந்தக் கடிதத்தைப் பற்றித் தாயாரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று என்னிடமும் கேட்டுக்கொண்டார். “கெழவி தான் கெடுத்தேன்னு நெனச்சுச்சுன்னா சோறு திங்காது சார்.” ராமலெட்சுமிக்குத் தெரியும். ராமலெட்சுமி காலண்டரில் கோடு போடுவதை நிறுத்திவிட்டது.

இஃப்திகாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முனியசாமியைவிட மூன்று வயது இளையவர். அவருக்குப் பதவி வந்த இரண்டாவது வாரமே முனியசாமி ஹோல்டுக்குள் மண்டியிடும்போது ஒரு கையை ஊன்றுவதைக் கவனித்துவிட்டார்.

“அண்ணே, முதுகா?”

“இல்லையே.”

“எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் இல்லையேன்னு ஒரு முதுகு இருந்துச்சு. வெளிய வாங்க. எங்க ஊர்க்காரங்க பெட்டிதானே உங்களை ஒடிச்சுது? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

மறுநாளிலிருந்து முனியசாமியைப் பெட்டிகளில் தொங்கும் அட்டை எண்களைச் சரிபார்க்கும் வேலையில் போட்டார். தூக்க வேண்டியதில்லை. பதினெட்டு நாள் நடந்தது. பத்தொன்பதாவது நாள், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டுகிறார் என்று மேலிடத்துக்குப் பெயரில்லாத புகார் போயிற்று. சுழற்சி முறையைக் கடைப்பிடிக்கவும் என்று இஃப்திகாருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. முனியசாமி மறுபடி ஹோல்டுக்குள் போனார்.

நிராகரிப்பு வந்த பிறகு இஃப்திகார் என் வீட்டுக்கு வந்தார். முதல்முறை அப்போதுதான் பார்க்கிறேன். நேராகக் கேட்டார்: “சார், நான் இந்தப் பதவி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா அண்ணனுக்கு வருமா?”

எனக்கு அப்படி ஒருவர் கேட்பார் என்றே தோன்றியதில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். பதில் பத்தே நாளில் வந்தது. இந்த வேகம் எங்கள் மனுவுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர் விலகினால் பதவி தற்போதைய பட்டியலில் மதுரையின் அடுத்த ஆளுக்குப் போகும். அதாவது ஒன்பது பேரில் இரண்டாமவருக்கு. முனியசாமிக்கு வர வேண்டுமென்றால் இன்னும் எட்டுப் பேர் வரிசையாக வேண்டாம் என்று எழுத வேண்டும்.

“எட்டுப் பேரையும் கேட்டுப் பார்க்கவா சார்?” என்றார் இஃப்திகார். சிரிக்கவில்லை. கேட்டும் பார்த்திருக்கிறார். இரண்டாமவர், “உனக்கு என்ன, கிறுக்கா?” என்றாராம்.

மீதி இருந்த வழி ஒன்றுதான். கடிதத்தில் இருப்பது மூன்றா எட்டா என்பதுதான் கேள்வி என்றால், எட்டாம் எண் கடிதம் வேறொருவரிடம் இருப்பதைக் காட்டினால் போதும். எட்டாம் எண் மருதுபாண்டி. 2009இல் வேலையை விட்டுப் போனவர். என்னிடமிருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஆள் இல்லை என்று திரும்பியது. இன்னொரு முகவரி கிடைத்தது, அதுவும் திரும்பியது. இரண்டு உறைகளும் கோப்பில் இருக்கின்றன. ஐந்து மாதம் இப்படிப் போனது.

கண்டுபிடித்தவர் இஃப்திகார்தான். ராமேஸ்வரம் ரோட்டில் உச்சிப்புளியில் அவருடைய பைக் பஞ்சர் ஆகியிருக்கிறது. கடைக்காரர், இஃப்திகாரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “ஏர்போர்ட்டா? நானும் அங்கன மூணு வருசம் பொட்டி தூக்குனவன்தான்” என்றாராம். பெயர் மருதுபாண்டி. இஃப்திகார் அங்கேயே நின்று எனக்குப் போன் செய்தார்.

“கடிதம் கிடைச்சா உங்க பதவிக்கே ஆபத்து தம்பி” என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

“வந்தா வரட்டும் சார். பஞ்சரை நானா போட்டேன்?”

19.01.2025, ஞாயிற்றுக்கிழமை. முனியசாமியும் நானும் உச்சிப்புளிக்குப் போனோம். மருதுபாண்டி ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

“ஏலே முனியசாமி, நீ இன்னுமாடா தூக்குற?”

“தூக்குறேன்.”

“நான் மூணு வருசத்துல ஓடி வந்துட்டேன். ஒன்னையப் பாரு, கூன் விழுந்து போச்சு.”

விஷயத்தைச் சொன்னோம். வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொண்டுவந்தார். கண்ணாடித் தாளுக்குள் ஒட்டிப் பத்திரமாக இருந்தது. வலது மேல் மூலையில் தெளிவாக 8. திருப்பினேன். பின்பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள்.

“ஒங்க வீட்லயும் தடவுனாகளா?” என்றார் முனியசாமி.

“தடவாம? எங்க அம்மா மட்டும் என்ன வெள்ளக்காரியா? எங்க அய்யாதான், எழுத்து அழிஞ்சு போகும், பின்னாடி தடவுன்னாரு.” மருதுபாண்டி டீயைக் குடித்து முடித்தார். “இத்தனை வருசம் கழிச்சு அந்த மூணு உனக்கு எதுக்குடா?”

“இருக்கட்டும்” என்றார் முனியசாமி. கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு கடிதங்களோடும் தொழிலாளர் துறைக்குப் போனோம். 20.03.2025 அன்று மதுரையில் சமரசப் பேச்சு. அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டு எண்ணையும் எழுதியது ஒரே கை. பட்டியலில் இரண்டு எட்டு இருக்க முடியாது. கம்பெனியின் ஆள் தலையை ஆட்டினார். தொண்ணூறு நாளுக்குள் குழு மறுபடி பார்த்துப் பதில் சொல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

தொண்ணூறு நாள் ஜூன் 18இல் முடிந்தது. பதில் இல்லை. 19ஆம் தேதி நினைவூட்டல் அனுப்பினேன். அந்த மாதத்தில் முனியசாமி ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு. வலது கால் மரத்துப் போவதாகச் சொன்னார்.

கடைசிக் கடிதம் என் முகவரிக்கே வந்தது. மூன்று பத்திகள். முதல் பத்தி: மனுதாரரின் தேர்வு வரிசை எண் 3 என்பது நிரூபணமாகிறது, அவருடைய பணிமூப்பு எண் 194 என்பது 33 என்று திருத்தப்படுகிறது. இரண்டாம் பத்தி: பழைய பட்டியலின்படி ஏற்கெனவே வழங்கிய பதவி உயர்வுகள் எதுவும் மாற்றப்பட மாட்டாது, ஓய்வினால் வரும் அடுத்த காலியிடத்தில் மனுதாரர் முதலில் கருதப்படுவார், ஒருவர் தானாக விலகுவதால் வரும் இடம் இதில் அடங்காது. மூன்றாம் பத்தி: இத்துடன் இந்த விவகாரம் முடிவடைகிறது.

முனியசாமி பள்ளிச் சான்றிதழ்ப்படி 1982 ஜூனில் பிறந்தவர். ஐம்பத்தெட்டு வயதில், 2040 ஜூனில் ஓய்வு. இஃப்திகார் 1985. அவருக்கு ஓய்வு 2043இல். மதுரையில் பதவி ஒன்று. அடுத்த காலியிடம் வரும்போது முதலில் கருதப்பட வேண்டியவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, கழித்ததைத் திரும்பக் கூட்டிச் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது.

அன்று முனியசாமிக்கு மதிய ஷிப்ட். ஊரிலிருந்து நேரே மதுரை போகிறவர், நான் போன் செய்ததால் ராமநாதபுரம் வந்து இறங்கினார். கடிதத்தை ஒருமுறை படித்தார். இரண்டாம் பத்தியை இன்னொருமுறை படித்தார்.

“முப்பத்தி மூணா சார்?”

“ஆமா.”

“அப்ப அன்னிக்குப் போன்ல நீங்க சொன்னது சரிதான்.”

நான் கணக்குப் போட்ட தாளை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. “தெரியும் சார். இஃப்திகாருக்கு என்ன வயசுன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். தாயாரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். “ஜெயிச்சுட்டேன்னு சொல்லணும். மஞ்சத் தடவுன லெட்டருல்ல.”

பிறகு கீழே வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி எடுத்தார். “வாரேன் சார், ரெண்டு மணிக்குத் துபாய் பிளைட்டு” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

கோப்பில் கடைசியாக எழுதியது: கடிதத்தின் தேதி 30.06.2025. வந்து சேர்ந்த நாள் 22.07.2025, செவ்வாய், ஆடி 6.